இரண்டு கட்டங்களுக்கு இடையே 600 டாலர்: ஒரு கல்லூரி மாணவியின் 1098-டி படிவமும் தாயின் வரிக் கணக்கும்

அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணத்துக்காக வழங்கப்படும் டாக்ஸ் கிரெடிட்டைப் பெறுவதில் குடும்பங்கள் எங்கே தடுமாறுகின்றன என்பதை, நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தாயும் மகளும் கொண்டுவந்த கணக்கை முன்வைத்து இந்த ஆய்வு விவரிக்கிறது. வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் தன்னார்வலர் மையங்களில் திரும்பத் திரும்ப எழும் சிக்கல்களை ஒரே குடும்பத்தின் கணக்காகக் கோத்து எழுதியிருக்கிறேன். பின்தொடர எளிதாக இருக்கும் பொருட்டுத் தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். விதிகள் அனைத்தும் 2024 வரியாண்டுக்கு உரியவை.

தாய் மணவிலக்குப் பெற்றவர். ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் வேலை, ஆண்டுச் சம்பளம் 52,000 டாலர். மகளுக்கு வயது 19. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் 2023 இலையுதிர்ப் பருவத்தில் சேர்ந்து, விடுதியில் தங்கி, முழுநேரமாகப் படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு கடையில் வேலை பார்த்து 5,200 டாலர் சம்பாதித்திருக்கிறாள்.

2025 மார்ச் மாதம் தாய் தன் வரிப் படிவத்தை மின்வழியில் அனுப்பியபோது அது ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. மகளின் சோஷியல் செக்யூரிட்டி எண் (அரசு தரும் அடையாள எண்) ஏற்கெனவே வேறொரு படிவத்தில் பயன்படுத்தப்பட்டுவிட்டது என்பது காரணம். யாரோ மகளின் எண்ணைத் திருடிவிட்டார்கள் என்றே தாய் அஞ்சினார். நடந்தது அவ்வளவு மர்மமானதன்று. பிப்ரவரியில் மகள் தன் கைபேசிச் செயலி ஒன்றில் தானே வரிப் படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தாள். சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்பப் பெறுவதுதான் அவள் எண்ணம். "வேறொருவர் உங்களைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்ட முடியுமா?" என்ற கேள்விக்கு, தானே சம்பாதிக்கிறோம் என்ற நினைப்பில், இல்லை என்று பதில் கொடுத்துவிட்டாள். அடுத்துச் செயலி, கட்டணம் குறித்துக் கல்லூரி அனுப்பும் 1098-டி படிவத்தைக் கேட்டது, அதையும் தந்தாள். கல்விக் கிரெடிட் என்று 240 டாலர் கூடுதலாக அவள் கணக்கில் வந்து சேர்ந்தது.

அந்த 240 டாலர் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, கிரெடிட்டின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கிரெடிட்டின் அமைப்பு

வருமானத்திலிருந்து கழிக்கப்படுவது கழிவு. கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழிக்கப்படுவது கிரெடிட். 12 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 1,000 டாலர் கழிவின் பயன் 120 டாலர்தான். 1,000 டாலர் கிரெடிட்டின் பயன் முழு 1,000 டாலர். கல்விக்கான கிரெடிட்டுகள் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அறிமுகமாயின. அவற்றுள் ஒன்றை விரிவாக்கி, 2009-இல் பொருளாதார மீட்புச் சட்டம் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி டாக்ஸ் கிரெடிட்டை உருவாக்கியது. முதலில் தற்காலிகமாக இருந்த அது 2015 டிசம்பரில் நிரந்தரமாக்கப்பட்டது.

ஒரு மாணவருக்குத் தகுதியான செலவில் முதல் 2,000 டாலருக்கு முழுத் தொகையும், அடுத்த 2,000 டாலருக்கு 25 சதவீதமும் கிடைக்கும். ஆக, 4,000 டாலர் செலவைக் காட்டினால் உச்ச வரம்பான 2,500 டாலரை எட்டலாம். இதில் 60 சதவீதம் வரியைக் குறைக்க மட்டும் உதவும். எஞ்சிய 40 சதவீதம், அதாவது உச்சமாக 1,000 டாலர், கட்ட வேண்டிய வரி இல்லாவிட்டாலும் ரீஃபண்டாகக் கைக்கு வரும். மாணவர் பட்டம் அல்லது சான்றிதழ் நோக்கிப் படிப்பவராகவும், அந்த ஆண்டில் தொடங்கும் ஒரு பருவத்திலாவது குறைந்தது அரைநேரம் பயில்பவராகவும், ஆண்டுத் தொடக்கத்தில் கல்லூரிப் படிப்பின் முதல் நான்கு ஆண்டுகளை முடிக்காதவராகவும் இருக்க வேண்டும். தனிநபரின் திருத்திய மொத்த வருமானம் 80,000 டாலரைத் தாண்டினால் கிரெடிட் குறையத் தொடங்கி 90,000-இல் அற்றுப்போகும். கணவனும் மனைவியும் சேர்ந்து படிவம் கொடுத்தால் 1,60,000 முதல் 1,80,000 வரை. 2009-இல் வகுத்த இந்த வரம்புகள் விலைவாசிக்கேற்ப உயர்த்தப்படுவதில்லை. சம்பளம் மட்டும் உயர்ந்துகொண்டே போக, அப்போது தகுதி பெற்றிருந்த நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றை இன்று இந்தக் கோடு வெளியே நிறுத்திவிட்டது.

எது தகுதியான செலவு என்பதில்தான் குழப்பம் மிகுதி. கல்விக் கட்டணமும் கட்டாயக் கட்டணங்களும் சேரும். இந்தக் கிரெடிட்டைப் பொறுத்தவரை பாடநூல், பாடத்துக்குத் தேவையான கருவி ஆகியவற்றை எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் சேர்க்கலாம். விடுதி வாடகை, உணவு, மருத்துவக் காப்பீடு, போக்குவரத்து ஆகியவை சேரா. கடன் வாங்கிக் கட்டிய கட்டணமும் கட்டிய கட்டணமே என்பதைப் பலர் அறிவதில்லை. கடனைத் திருப்பிச் செலுத்தும் ஆண்டு அன்று, கட்டணம் செலுத்திய ஆண்டே கணக்கு.

யாருக்கு உரியது

மகள் செய்த பிழையின் விலையை, எங்கள் தன்னார்வலர் மையத்துக்கு வந்த தாய்க்குத் தாளில் போட்டுக் காட்டினோம். 24 வயதுக்கு உட்பட்ட முழுநேர மாணவி, தன் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் தானே ஏற்காதவள், விடுதியில் இருப்பது தற்காலிகமாக வீட்டை விட்டு இருப்பதாகவே கருதப்படும் என்பதால் தாயின் வீட்டிலேயே வசிப்பவள். எனவே சட்டப்படி அவள் தாயைச் சார்ந்தவள். பெற்றோர் ஒருவரைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்டினால் கல்விக் கிரெடிட் பெற்றோருக்கே உரியது. கட்டணத்தை மாணவியே கட்டியிருந்தாலும், பாட்டி கட்டியிருந்தாலும், அது பெற்றோர் கட்டியதாகவே கொள்ளப்படும்.

மேலும், உயிருடன் இருக்கும் பெற்றோரை உடைய, 24 வயது நிரம்பாத முழுநேர மாணவர், தம் உழைப்பு வருமானத்தால் தம் செலவில் பாதியையாவது ஈடுகட்டாதபோது, கையில் திரும்பி வரும் 40 சதவீதத்தைத் தம் படிவத்தில் பெற முடியாது. மகளுக்கு வந்த 240 டாலர் அந்த 40 சதவீதமே. செயலியின் கேள்விகளை அவசரமாகத் தாண்டியதால் தகுதியில்லாத தொகை வந்துவிட்டது.

தாய் மகளைத் தன் படிவத்திலிருந்து விட்டுவிட்டால் என்ன ஆகும்? சார்ந்தவரை வைத்துத் தனியாகக் குடும்பம் நடத்துபவருக்கான 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்' என்ற தகுதி போய்விடும். நிலையான கழிவு 21,900 டாலரிலிருந்து 14,600 ஆகக் குறைந்து, வரி 3,284-லிருந்து 4,259 டாலராக உயரும். அது 975 டாலர் இழப்பு. சார்ந்தவருக்கான 500 டாலர் கிரெடிட் போகும். கல்விக் கிரெடிட்டின் 2,500 டாலரும் போகும். மொத்தம் 3,975 டாலர். மகள் 240 டாலருக்காகத் தெரியாமல் அடைத்துவைத்த கதவு அது. கணக்கைப் பார்த்தபின் அவள் சொன்னது ஒன்றே: "ஆப்பில் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லையே!" கேட்டிருந்தது, ஆனால் கேட்ட விதம் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குப் புரியும்படி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

படிவம் சொன்னதும் சொல்லாததும்

பல்கலைக்கழகம் அனுப்பிய 1098-டி படிவத்தின் முதல் கட்டத்தில் 12,400 டாலர் இருந்தது. அது அந்த ஆண்டில் தகுதியான கட்டணங்களுக்காகப் பெற்ற தொகை. ஐந்தாம் கட்டத்தில் 11,800 டாலர்; அது உதவித்தொகைகளின் கூட்டுத்தொகை. முந்தைய ஆண்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பிய ஒருவர், 2023-க்கான 1098-டியிலும் இதே இரண்டு கட்டங்களும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று ஈடாக இருப்பதைப் பார்த்து, "இதில் உங்களுக்கு ஒன்றும் தேறாது" என்று தாயிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மகளின் செயலியோ ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து 600 டாலர் என்று கண்டு, அதோடு நின்றுவிட்டது. 600 டாலர் கிரெடிட்டின் 40 சதவீதம்தான் அந்த 240.

ஆனால் 1098-டி என்பது பல்கலைக்கழகம் வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் தகவல். கிரெடிட்டின் அளவை அது தீர்மானிப்பதில்லை. புத்தகக் கடையில் கொடுத்த பணம் அதில் ஏறாது. எந்த உதவித்தொகை எந்தச் செலவுக்குப் பயன்படலாம் என்பதையும் அது சொல்லாது. ஆகவே மாணவியின் பல்கலைக்கழகக் கணக்கு அறிக்கையையும், உதவித்தொகை வழங்கிய கடிதங்களையும், புத்தக ரசீதுகளையும் கொண்டுவரச் சொன்னோம். ஒரு வாரம் கழித்து மகளே எல்லாவற்றையும் அச்செடுத்து, தேதி வாரியாக அடுக்கி எடுத்துவந்தாள்.

அந்தத் தாள்களின்படி 2024-இல் பல்கலைக்கழகம் விதித்த மொத்தத் தொகை 26,000 டாலர்: வசந்தப் பருவக் கட்டணம் 6,000, இலையுதிர்ப் பருவக் கட்டணம் 6,400, இரண்டு பருவங்களுக்கும் விடுதியும் உணவும் 13,600. இதை ஈடுசெய்தவை பின்வருமாறு: மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகையான பெல் கிராண்ட் 4,400, மாநில அரசின் உதவித்தொகை 4,800, பல்கலைக்கழகத்தின் தகுதி உதவித்தொகை 2,600, மத்திய அரசின் மாணவர் கடன் 6,000, தாய் மாதத் தவணையாகக் கட்டியது 8,200. இவை தவிர, பாடநூல்களுக்கும் பாடத்துக்குத் தேவைப்பட்ட கணிப்பானுக்கும் 850 டாலருக்கு ரசீதுகள் இருந்தன. அவற்றைச் சேர்த்த உடனேயே 600 என்பது 1,450 ஆயிற்று.

பெல் கிராண்ட் எந்தச் செலவுக்கு?

இந்தக் கணக்கின் உயிர்நாடி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

உதவித்தொகை கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவானால் அதற்கு வரி இல்லை. ஆனால் வரியில்லாத உதவித்தொகையால் கட்டிய கட்டணத்தைக் காட்டிக் கிரெடிட்டும் பெற முடியாது. ஒரே டாலருக்கு இரண்டு சலுகை கிடையாது. உதவித்தொகை விடுதி, உணவு போன்ற வாழ்க்கைச் செலவுகளுக்குச் சென்றால் அது மாணவரின் வரிக்குரிய வருமானம் ஆகும். அப்போது அந்த அளவுக்குக் கல்விக் கட்டணம் விடுபட்டுக் கிரெடிட்டுக்குப் பயன்படும். எந்தச் செலவுக்குச் சென்றதாகக் கொள்வது என்பதை, உதவித்தொகையின் நிபந்தனை அனுமதிக்கும் எல்லைக்குள், மாணவரே தம் வரிப் படிவத்தில் தேர்ந்துகொள்ளலாம். பல்கலைக்கழகக் கணக்கில் பெல் கிராண்ட் வந்தவுடன் கட்டணத்தில் கழிக்கப்பட்டிருந்தாலும் இந்தத் தேர்வுக்குத் தடையில்லை. ஐ.ஆர்.எஸ். வெளியிடும் 970-ஆம் எண் கையேடு இதை எடுத்துக்காட்டுகளோடு விளக்குகிறது. இவ்வளவு வெளிப்படையான ஒரு விதி, கட்டணம் வாங்கும் தொழில்முறையாளர் மேசைகளிலேயே கவனிக்கப்படாமல் போவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கடிதங்களைப் படித்தபோது, மாநில உதவித்தொகையும் பல்கலைக்கழக உதவித்தொகையும் கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே உரியவை என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அந்த 7,400 டாலரை அசைக்க முடியாது. பெல் கிராண்டுக்கு அத்தகைய கட்டு இல்லை; விடுதி, உணவு உள்ளிட்ட மொத்தக் கல்விச் செலவுக்கு அதைப் பயன்படுத்தலாம். 1,450 டாலரை 4,000 ஆக்க இன்னும் 2,550 வேண்டும். ஆகவே 4,400 டாலர் பெல் கிராண்டில் 2,550 டாலரை விடுதிச் செலவுக்குச் சென்றதாகக் கொண்டு, எஞ்சிய 1,850-ஐக் கட்டணத்துக்கு வைத்தோம். இப்போது 12,400 டாலர் கட்டணமும் 850 டாலர் புத்தகச் செலவும் சேர்ந்த 13,250-இல் வரியில்லாத உதவி 9,250 போக, மிச்சம் சரியாக 4,000. கிரெடிட் 2,500.

இதற்கு மகள் கொடுக்கும் விலை என்ன? அவளது வருமானத்தில் 2,550 டாலர் கூடி, சம்பளத்தோடு சேர்த்து 7,750 ஆகிறது. பிறரைச் சார்ந்திருப்பவருக்கான நிலையான கழிவு, 2024-இல் உழைப்பு வருமானத்தோடு 450 டாலர் சேர்ந்த தொகை. இந்தக் கணக்கீட்டுக்கு மட்டும் வரிக்குரிய உதவித்தொகையும் உழைப்பு வருமானமாகவே கொள்ளப்படும். எனவே அவளுக்குக் கழிவு 8,200 டாலர்; வரி ஏதும் இல்லை. பிள்ளைகளின் உழைப்பில்லா வருமானத்தைப் பெற்றோரின் விகிதத்தில் வரிக்கு உட்படுத்தும் 'கிட்டி டாக்ஸ்' விதியில் இதே உதவித்தொகை எதிர்ப்பக்கம் போய் உழைப்பில்லா வருமானமாக மாறிவிடும் என்பது சட்டத்தின் விசித்திரங்களில் ஒன்று. ஆனால் அந்த விதி 2024-இல் 2,600 டாலரைத் தாண்டினால்தான் எழும்; 2,550 அதற்கு மயிரிழை கீழே நின்றது. நியூ ஜெர்சி மாநிலத்திலும் தனிநபரின் ஆண்டு வருமானம் 10,000 டாலருக்குள் இருந்தால் வரி இல்லை. அடுத்த நிதியுதவி விண்ணப்பத்தில் இந்தக் கூடுதல் வருமானம் உதவியைக் குறைத்துவிடுமோ என்று தாய் கேட்டது நல்ல கேள்வி. வரிக்குரியதாகக் காட்டிய உதவித்தொகையைத் தனியே குறிப்பிட அந்த விண்ணப்பத்திலேயே இடம் இருக்கிறது, குறிப்பிட்டால் வருமானக் கணக்கிலிருந்து அது நீக்கப்படும்.

எல்லாக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. மகளுக்குக் கோடைச் சம்பளம் 5,200-க்குப் பதில் 14,000 டாலராக இருந்திருந்தால், நகர்த்திய தொகையில் பெரும்பகுதிக்கு அவள் வரி கட்ட நேர்ந்திருக்கும்; அப்போது தாய்க்குக் கூடும் தொகையையும் மகளுக்குக் கூடும் வரியையும் அருகருகே வைத்துத்தான் எவ்வளவு நகர்த்துவது என்று முடிவு செய்ய வேண்டும்.

திருத்தமும் தாக்கலும்

முதலில் மகளின் படிவத்தை 1040-எக்ஸ் மூலம் திருத்தினோம். தன்னை வேறொருவர் சார்ந்தவராகக் காட்டலாம் என்ற கட்டத்தைக் குறித்து, கல்விக் கிரெடிட்டுக்கான 8863 படிவத்தை நீக்கி, 2,550 டாலரைப் படிவத்தில் வரிக்குரிய உதவித்தொகைக்கான இடத்தில் சேர்த்து, 240 டாலரைத் திருப்பிக் கட்டினாள். ஏப்ரல் 15-க்கு முன்பே கட்டிவிட்டதால் வட்டி இல்லை. சம்பளத்தில் பிடித்த வரி அவளுடையதே. அது அவளிடமே இருந்தது.

தாயின் படிவம் தாளில்தான் போயிற்று. சார்ந்தவரின் எண் வேறொரு படிவத்தில் ஏற்கெனவே காட்டப்பட்டிருந்தாலும், ஐ.ஆர்.எஸ். வழங்கும் அடையாளப் பாதுகாப்பு எண்ணான ஐ.பி. பின்னைச் சேர்த்தால் இரண்டாம் படிவத்தை மின்வழியில் ஏற்கும் ஏற்பாடு 2025 பருவத்தில் தொடங்கியது. இணையத்தில் அடையாளத்தைச் சரிபார்க்கும் படியில் தாயின் முயற்சி மும்முறை தோற்றதால், அஞ்சல் வழியே மேல் என்று முடிவு செய்தோம். 3,284 டாலர் வரியிலிருந்து சார்ந்தவருக்கான 500 டாலரும் கல்விக் கிரெடிட்டின் 1,500 டாலரும் கழிய 1,284 மிச்சம். திரும்பி வரும் 1,000 டாலரைக் கழித்தால் அவர் உண்மையில் சுமக்கும் வரி 284 டாலர். சம்பளத்தில் 2,900 பிடிக்கப்பட்டிருந்ததால் ரீஃபண்ட் 2,616 டாலர். கல்விக் கிரெடிட் இல்லாதிருந்தால் அது 116 டாலராக இருந்திருக்கும்.

1098-டி காட்டும் வித்தியாசம் 600 டாலராக இருக்க, 8863-இல் 4,000 டாலர் காட்டுவதால் ஐ.ஆர்.எஸ். விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினாலும் வியப்பதற்கில்லை. கணக்கு அறிக்கை, ரசீதுகள், உதவித்தொகைக் கடிதங்கள், மகளின் திருத்திய படிவம், எந்த உதவி எந்தச் செலவுக்கு என்று பிரித்து எழுதிய ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். மகளின் படிவத்தில் 2,550 டாலரைக் காட்டாமல் தாயின் படிவத்தில் மட்டும் 4,000-ஐக் காட்டுவது பிழை மட்டுமன்று. விதிகளைப் பொருட்படுத்தாமல் கோரியதாக முடிவானால் 2 ஆண்டுகளுக்கும், மோசடி என்று முடிவானால் 10 ஆண்டுகளுக்கும் இந்தக் கிரெடிட்டைக் கோரவே முடியாது.

இந்த மேசைக்கு வரும் தமிழ் மாணவர்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றும் இங்கே உண்டு. தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்து படிப்பவர்கள் பொதுவாக முதல் 5 நாட்காட்டி ஆண்டுகள் வரிச் சட்டத்தின் பார்வையில் குடியிருப்போர் அல்லர். அவர்களுக்கு 1098-டி கையில் இருந்தாலும் இந்தக் கிரெடிட் கிடையாது. நண்பர் ஒருவர் வாங்கினார் என்று கேள்விப்பட்டுத் தவறான படிவத்தில் வாங்கிய தொகை, பின்னாளில் கிரீன் கார்டு விண்ணப்பத்தின்போது நிம்மதியைக் கெடுக்கும். பணி விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில், சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கு ஐ.ஆர்.எஸ். தரும் ஐ.டி.ஐ.என். எண்ணோடு இருக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களும் கவனிக்க வேண்டும்: 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தால், 2026 வரியாண்டு முதல் கல்விக் கிரெடிட்டுகளுக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயமாகிறது.

2023-ஐ என்ன செய்வது?

"ஒன்றும் தேறாது" என்று கைவிடப்பட்ட 2023-ஐயும் எடுத்துப் பார்த்தோம். அந்த ஆண்டில் ஒரே பருவம்: கட்டணம் 5,900, கட்டணத்துக்கு மட்டுமான உதவி 3,500, பெல் கிராண்ட் 2,150, புத்தகம் 600. பெல் கிராண்ட் முழுவதையும் விடுதிக்கு நகர்த்தினால் 3,000 டாலர் தகுதியான செலவு கிடைத்து, கிரெடிட் 2,250 டாலர் ஆகும். மகளுக்கு அந்த ஆண்டு சம்பளம் இல்லை. 2,150 டாலருக்காக அவள் வரிப் படிவமே தர வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கிரெடிட்டை ஒரு மாணவருக்கு 4 வரியாண்டுகளுக்குத்தான் பெறலாம். 2023 இலையுதிர்ப் பருவத்தில் தொடங்கி 2027 வசந்தப் பருவத்தில் முடியும் நான்காண்டுப் படிப்பு 5 நாட்காட்டி ஆண்டுகளைத் தொடும். ஐந்தில் ஒன்றை விட்டே ஆக வேண்டும். விடுவது 2023-ஆ, 2027-ஆ? 2027-இல் முழு 2,500 கிடைக்கக்கூடும் என்பதால் 2023-ஐ விடலாம் என்பது ஒரு வாதம். ஆனால் அப்போது மகள் வேலைக்குப் போயிருந்தால் தாயைச் சார்ந்தவளாக இருப்பாளா என்பது தெரியாது. அந்த வசந்தப் பருவத்தின் கட்டணத்தை 2026 டிசம்பரிலேயே கட்டிவிட்டால், அடுத்த ஆண்டின் முதல் 3 மாதங்களுக்குள் தொடங்கும் பருவம் என்பதால் அந்தச் செலவு 2026-க்குப் போய், 2027 வெறுமையாகிவிடும். மறுபுறம், 2023-ஐ இப்போது எடுத்துக்கொண்டாலும் 2027-க்கு மற்றொரு கல்விக் கிரெடிட்டான லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் இருக்கிறது. செலவில் 20 சதவீதம்தான், ரீஃபண்டாக வராது, ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குத்தான் என்ற வரம்பு அதற்குக் கிடையாது.

2023 படிவத்தைத் திருத்த 2027 ஏப்ரல் 15 வரை காலம் இருந்ததால் காத்திருக்கலாம் என்று சொன்னேன். தாய் காத்திருக்க விரும்பவில்லை. மாதத் தவணைக்காகக் கடன் அட்டையில் ஏறியிருந்த தொகைக்கு அவர் கட்டிவந்த வட்டியை நினைத்தால், அவர் முடிவே சரி. அன்று மாலையே இரண்டாவது 1040-எக்ஸ் படிவத்தை நிரப்பினோம். மகள் அதைத் தாயிடம் வரி வரியாகப் படித்துக் காட்டிய பிறகே அவர் கையெழுத்திட்டார்.